வெறும் கம்பி

நாலாம் குறுக்குத் தெருவில்
எடை எழுதுகிறவன் நான்.
பெரிய வெங்காயம் ஐம்பது, மைசூர்ப் பருப்பு ஐம்பது,
செத்தல் மிளகாய் இருபத்தைந்து.
லொறியால் இறங்கும் மூட்டைக்கு ஒரு கோடு,
ஐந்தாவதைக் குறுக்கே.
பதினாறு வருசம்.
ஒன்றையும் தொட்டதில்லை.

சித்திரை கழிந்து ஒரு திங்கட்கிழமை
ஜிந்துப்பிட்டியில், பெயின்ட் கடைக்கு மேல்மாடியில்
மூவாயிரத்தைந்நூறு கட்டி ரசீது வாங்கினேன்.
தேதி பிழை. திருத்தித் தரச் சொன்னேன்.

ரிஸ்லான் என்ற பொடியன்
ஒன்றும் மாட்டாத கம்பியை நீட்டினான்.
"தட்டு?"
"வெறும் கம்பியே இருபது கிலோ, சேர்."
சாக்கின் எடையைக் கழித்தே எழுதிப் பழகிய கை.
இங்கே சாக்கையும் சேர்த்து எழுத வேண்டுமாம்.

குந்தி எழும்பத் தெரியும் என்றுதான்
நாற்பத்திரண்டு வயது வரை நினைத்திருந்தேன்.
குதி தூக்குது என்றான்.
முழங்கால் உள்ளே போகுது என்றான்.
நெஞ்சு விழுது, பார்வை விழுது,
மூச்சை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்றான்.
இறங்கும்போது எடு, ஏறும்போது விடு.
இவ்வளவு நாளும் இதை
யாரும் கேட்காமலேயே செய்துகொண்டிருந்தேனே,
கேட்டவுடன் மறந்துவிட்டது.

அங்கே எல்லோரும் சிங்களத்தில்தான் எண்ணுவார்கள்.
எக்க, தெக்க, துன.
ஹத்தர வரை நானும் சத்தமாக.
எட்டாவதில் வாய்
தன் பாட்டில் தமிழுக்குத் திரும்பிவிடும்,
ஒன்பதில் அம்மா என்று மட்டும் வரும்.

இரண்டாம் நாள் நோகாது, மூன்றாம் நாள் நோகும்.
அதை யாரும் சொல்லவில்லை.
நூற்று முப்பத்தெட்டாம் பஸ்ஸில்
மேல் கம்பியைப் பிடிக்கக் கை எழும்பவில்லை.
பக்கத்தில் நின்ற ஒரு பெண்
சுகமில்லையா என்று இடம் தந்தாள்.
உட்கார்ந்தேன்.
உட்கார்ந்ததுதான் பெரிய பிழை,
இறங்குமிடம் வந்தும் தொடை வரவில்லை.

கடையில் மூட்டை சுமக்கும் ஜெகதீபனுக்கு
கதை எப்படியோ போய்விட்டது.
"காசு வாங்கிக்கொண்டா தூக்குறீங்க?"
"கட்டித் தூக்கிறன்."
தேநீர் மூக்கால் வரச் சிரித்தான்.
முதுகை நேராக வைக்க வேண்டும் என்று
சுவரில் ஒட்டியிருந்த படத்தை விளக்கினேன்.
கேட்டுவிட்டுச் சொன்னான்:
"நேரா வச்சா மூட்டை எங்க குந்தும்?"
பதில் இல்லை.
ரிஸ்லானிடம் கேட்டேன், அவனிடமும் இல்லை.

நாளுக்கு நாலு முட்டை,
ஒன்பதரைக்குப் படுக்கை.
பில் புத்தகத்தின் கடைசித் தாள்களில்
என் கணக்கு:
வெறும் கம்பி, பத்து, மூன்று தடவை.
கம்பியுடன் இரண்டரை.
கம்பியுடன் ஐந்து. பிறகு ஒரு கிழமை காய்ச்சல்.
மீண்டும் வெறும் கம்பி.
தவமலர் தையல் நாடாவால் புயத்தை அளந்தாள்.
மூன்று மாதத்தில் கால் அங்குலம்.
நாடா பழசு, இழுபட்டிருக்கும் என்றாள்.

நேற்றுக் கடை பூட்டும் நேரம்
ஒருவரும் இல்லை.
வாசலோரம் கிடந்த ஒரு செத்தல் மிளகாய் மூட்டைக்கு முன்னால்
பாதத்தைத் தோளகலம் விரித்து நின்றேன்.
குதி நிலத்தில், பார்வை நேரே.
கம்பிக்கு நடு உண்டு.
மூட்டைக்கு நடு இல்லை.
பிடித்த பக்கம் சுருங்கி, பிடிக்காத பக்கம் வழிந்து,
தூங்கும் பிள்ளைபோல் கனத்தது.
விட்டேன். மாற்றிப் பிடித்தேன்.
முதுகு வளையத்தான் வளைந்தது, ஜெகதீபா.
இடுப்பு வரை வந்தது,
நெஞ்சு வரை வந்தது,
தும்மல் வந்தது.

கீழே வைத்தேன், போடவில்லை.
மேசைக்குப் போய், கண்ணைத் துடைத்து,
எழுதினேன்:
செத்தல் மிளகாய், ஒன்று, இருபத்தைந்து.
சாக்கு கழிக்கவில்லை.

காபன் தாளை எடுக்க மறந்துவிட்டேன்.
காலையில் முதலாளி
பிரதியைப் பார்த்துக் கேட்பார்,
இது எந்த லொறி என்று.