பதினாறு கட்டம்

லாபிஸ் ரயிலடிக்கு எதிரே
சைக்கிள் கடையின் மேல்மாடி.
இரண்டு துளைப்பொறி, ஒரு காற்றாடி,
நான், ஹஸ்னா.
கம்ப்யூட்டரை நாங்கள் பார்த்ததே இல்லை.
அது கோலாலம்பூரில், கண்ணாடிக்குப் பின்னால்,
துரைமார் வீட்டைவிடக் குளிரான அறையில்.
மாதம் ஆயிரத்து நானூறு அட்டை
இரவு மெயிலில் ஏறும்.
நான்காம் நாள் திரும்பும் சம்பளப் பட்டியல்,
மடிப்பு மடிப்பாக;
பிரித்தால் பெரட்டுக் களத்தின் நீளம்.

டிசம்பர் ஈரத்தில் அட்டை அப்பளமாய் வளையும்.
வளைந்த அட்டையை அது தின்னாது.
பிஸ்கட் தகரத்தில் வறுத்த அரிசி போட்டு
அதற்குள் அடுக்கி வைப்போம்.
இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. எண்பது கட்டம்.
வெட்டிய நாள், பாலின் எடை, ஒட்டுப்பால்,
அரிசிக் கடன், கோயில் வரி.
பெயருக்குப் பதினாறு.
'பதினாறும் பெற்று' என்பார்களே, அதுவல்ல.
பதினேழாம் எழுத்து
யாருடைய அப்பனாக இருந்தாலும் வெளியே.

அறுபத்தெட்டு, மார்ச் மாதம்.
பேச்சாயி, தகப்பன் சின்னசாமி. எண் 4411.
பேச்சாயி, தகப்பன் சின்னப்பன். எண் 4417.
பதினாறில் இருவரும் 'சின்ன'வோடு நின்றார்கள்.
கிராணியார் ஏழுக்கு இடுப்பில் கோடு போடமாட்டார்;
அவர் ஏழு ஒன்றாகவே நிற்கும்.
நான் ஒன்றைத் தட்டினேன்.
சரிபார்த்த ஹஸ்னாவும் ஒன்றையே தட்டினாள்.

அந்த மாதம் ஒரு பேச்சாயி
நாற்பத்தைந்து நாள் பால் வெட்டினாள்.
அதற்குக் கம்ப்யூட்டர்
நூற்று முப்பத்தொரு வெள்ளி நாற்பது காசு எழுதியது.
இமைக்கக்கூட இல்லை.

இன்னொருத்திக்குப் பெயரே இல்லை.
"மெஷின் பொய் சொல்லாது" என்றாராம் கிராணியார்.
"நான் சொல்றேனா?" என்றாளாம் இவள்.

பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால்
கிடைத்தவள் கிடைக்காதவளைக் கூப்பிட்டு
பாதியாகப் பிரித்திருக்கிறாள்:
ஆளுக்கு அறுபத்தைந்து எழுபது.
ராத்திரி தூக்கம் வரவில்லை இருவருக்கும்.
ஒருத்தி இருபத்தாறு நாள் வெட்டினாள்,
ஒருத்தி காய்ச்சலோடு பத்தொன்பது.
மறுநாள் இருவரும் பஸ் ஏறி வந்து
என் மேசைமுன் நின்றார்கள், பால்கறை நகங்களோடு.
"கூட்டத் தெரிஞ்ச மெஷினுக்குப்
பிரிக்கத் தெரியாதாம்மா?"

திரும்பி வந்த கட்டைத் தேடி
அட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஓட்டை ஓட்டையாகச் சொன்னேன்:
எழுபத்தெட்டு வெள்ளி பத்து காசு.
ஐம்பத்து மூன்று வெள்ளி முப்பது.
சின்னப்பன் மகள் அதே இடத்தில்
முந்தானை முடிச்சை அவிழ்த்து
பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு எண்ணி நீட்டினாள்.
வாங்கியவள் பத்து காசைத் திருப்பித் தந்தாள்,
பஸ்ஸுக்கு.

போகும்போது ஒருத்தி
பொறியின் அடியில் இருந்த தட்டை எட்டிப் பார்த்தாள்.
அரிசிக் குருணை போல வெட்டுத் தூள்.
"இது என்ன?"
"ஓட்டையில் இருந்தது."
"எங்க பேரா?"
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
ஒரு சிட்டிகை எடுத்து, பார்த்து,
மறுபடி அதிலேயே போட்டாள்.

தலைமையிடத்துக்கு எழுதினேன்,
ஏழைப் பற்றி, பதினாறைப் பற்றி.
பதில் வந்தது: இயந்திரத்தில் பிழை இல்லை.
துளைப்பவருக்கு மூன்று வெள்ளி அபராதம்.

மாதக் கடைசியில் என் அட்டையை நானே தட்டினேன்.
கழித்தலுக்கு எண்ணின் தலைமேல்
தனியாக ஓர் ஓட்டை உண்டு.
ஹஸ்னா சரிபார்க்க எடுத்தவள் விரலை நிறுத்தி
"பெத்துல்கா?" என்றாள்.
தட்டு என்றேன்.
தட்டினாள்.
இருவரும் ஒன்றையே பார்த்தோம் என்பதற்கு
பொறி அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கடி கடித்தது.
பேச்சாயி அட்டையிலும்
அதே கடி இருந்தது.