ஒலிச்சோதனை

பீல் நகரம், வியாழன் மாலை.
நூற்றிருபது கதிரைகளை விரித்துப் போட்டுவிட்டு
மேடையேறி மைக்கைத் தட்டினேன்.
ஒண்டு. ரெண்டு. மூண்டு.
ஆளில்லாத மண்டபம் திருப்பிச் சொன்னது,
என்னைவிட நல்ல தமிழில்.

ஆறு வருசமாய் எனக்கு இந்த வேலை.
சபையில் கை உயர்ந்தால்
நடத்துபவர் விரல் நீட்டுவார்.
விரல் போன இடத்துக்கு நான் போக வேண்டும்,
மைக்கோடு, குனிந்தபடி,
படம் பிடிப்பவரை மறைக்காமல்.

அன்றைக்குப் பேச்சு வெயிலைப் பற்றி.
பேராசிரியர் திரையில் பனியாற்றைக் காட்டினார்:
எழுபதாம் ஆண்டில் இவ்வளவு,
இப்போது இவ்வளவுதான்.
சபை உச்சுக் கொட்டியது.
முன்வரிசையில் ஒருவர் கண் துடைத்தார்,
நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டாம் வரிசை மதாம் ஷோர்டெரேயிடம்
விரல் மூன்று தரம் போனது.
அழகாகக் கதைக்கிறார். பொய்யும் இல்லை.
தன் தெருவின் லிண்டன் மரங்களுக்கு
வாளியில் தண்ணீர் சுமக்கிறாராம்,
எழுபத்தொரு வயதில்.

கடைசி வரிசையில் ஒரு கை
அரை மணி நேரமாக நின்றது.
நகக்கண்ணில் தார்.
கூரை வேலை செய்யும் அடெரித்தோ.
முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல்
நேரே வந்திருந்தான்.
விரல் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
தெரியவில்லையோ என்னவோ;
பின்வரிசை விளக்கை அணைத்தது நான்தான்,
திரை தெளிவாய் இருக்கட்டும் என்று.

நாலாம் தரமும் விரல் இரண்டாம் வரிசைக்கு நீண்டபோது
என் கால் பிழையாய் நடந்தது.
கால்தான்.
மேலாளரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"சுருக்கமாக" என்றார் நடத்துபவர்.
அடெரித்தோ மைக்கைச் சுத்தியல்போல் பிடித்தான்.

இரண்டு மணிக்கு ஓட்டில் கை வைக்க முடியாது.
சப்பாத்தின் அடி இளகும்.
போன மாதம் ஒருத்தன் ஏணியிலேயே மயங்கினான்,
கயிறு கட்டியிருந்ததால் இருக்கிறான்.
விடிய ஐந்துக்குத் தொடங்கக் கேட்டோம்.
ஏழுக்கு முன் சத்தம் கூடாதென்று
தெருவே கையெழுத்துப் போட்டு அனுப்பியது.
எந்தத் தெரு என்றால்,
லிண்டன் மரங்கள் நிற்கிற தெரு.

யாரும் இருமவில்லை.
மதாம் ஷோர்டெரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்தார்.
எழுந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார்.
மைக் இந்தக் கோடியில் என்னிடம்.
நேரம் முடிந்தது என்றார்கள்.

என்ன சொல்லியிருப்பார்?
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைப் பத்திரிகையில்
பனியாறு அரைப்பக்கம் ஓடியது.
பேராசிரியர். மதாம். மரங்கள்.
"பின்னர் பொதுமக்களும் கருத்துரைத்தனர்."
பொதுமக்கள்!
அடெரித்தோ ஒற்றை ஆள்,
அவனுக்கு எவ்வளவு பெரிய பெயர்.

அடுத்த கூட்டம். அதே நூற்றிருபது கதிரை.
ஒண்டு. ரெண்டு. மூண்டு.
பிறகு போய்ப் பின்வரிசை விளக்கைப் போட்டேன்.
திரும்பி வந்து
நாலு என்றேன்.
மண்டபம் அதற்குப் பழக்கப்பட்டிருக்கவில்லை,
கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னது.