ஒரு கார் தள்ளி

எஞ்சின் நெற்றியில் கிளீனர் அடித்துத்
துணியால் ஒற்றியெடுத்தேன். சுரண்டவில்லை.
சுரண்டினால் பிசுக்கோடு சாட்சியும் போய்விடும்.
ஆலையில் உலோகத்தைச் சீவிய இழைகள்
வாரிவிட்ட ஈரத்தலைபோல்
ஒரே திசையில் படிந்திருக்கவேண்டும்.
படிந்திருந்தன.
அவற்றின்மேல் எண்கள்.
ஏழு மட்டும் குடித்தவன்போல் சாய்ந்து நின்றது.

மஸ்கீகனில் பிப்ரவரி.
கராஜின் ஹீட்டர் தன்னைச் சூடாக்கிக்கொள்வதோடு சரி.
வெண்டெல் ஹோக்ஸ்ட்ரா கதவோரம் நிற்கிறார்.
நாற்பத்தொரு வருடமாக அவருடைய செவெல்.
ஒரு கேள்வி இல்லை அவரிடம்.
காப்பிக் குவளையை மட்டும்
கை மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

வார்ப்புத் தேதி எஞ்சினின் முதுகில் இருக்கும்,
பல் டாக்டரின் கண்ணாடி விட்டுத்தான் படிக்கமுடியும்.
சி. பதினொன்று. பூஜ்யம்.
மார்ச் பதினொன்று, எழுபது.
கார் கூடியது ஏப்ரலில்.
நல்லது, பிள்ளைக்கு முன்னால் இதயம்.
போன மாதம் லான்சிங்கில் பார்த்த காரில்
எண்ணெல்லாம் நூல்பிடித்த நேர்த்தி,
கீழே இழையே இல்லாத வழுவழுப்பு.
இதயமோ பிள்ளை பிறந்து ஐந்து வாரம் கழித்து.
அந்த மனிதர் கட்டணம் கொடுத்தார்.
கைகொடுக்கவில்லை.

கடைசியாகப் பின்சீட்.
தூக்கியதும் சுருள்கம்பிகள் முனகின.
எலி கட்டிய மெத்தை,
ஒரு கொண்டை ஊசி,
ஒரு கால் டாலர்,
கம்பிக்குள் செருகிய தாள்.
வெண்டெல் குவளையைக் கீழே வைத்தார்.

எந்த அச்சு, எந்த கியர்பெட்டி, எந்தச் சிவப்பு என்று
வரிசையில் நின்றவர்களுக்கு ஆலை சொன்ன தாள்.
கூரைக்கு வெள்ளை வினைல் என்கிறது.
இந்தக் கூரையோ வினைலைக் கனவிலும் கண்டதில்லை.
எண்ணைப் பார்த்தேன். முடிவில் அறுநூற்றுப் பதினெட்டு.
இந்தக் கார் பதினேழு.

"வேறு யாருடையதோ" என்றார்,
தவறிவந்த கடிதத்தைத் திருப்பித்தருகிறவர் குரலில்.

மூன்று வாரம் அலைந்து பதினெட்டைப் பிடித்தேன்.
நெப்ராஸ்காவில், வில்பர் ஊரில்,
டார்லீன் வாசெக்கின் சோளக் கொட்டகையில்.
வெள்ளை வினைல் கூரை. கூரைமேல் கோழி.
போனை வைக்காமலே சீட்டைப் பெயர்த்தாள்.
ஒரு கெட்ட வார்த்தை கேட்டது.
பிறகு தாள் பிரியும் சத்தம்.
"பத்தொன்பது" என்றாள்.

ஆக, யாரோ ஒருவர்.
பெயர் எந்தத் தாளிலும் இல்லை.
பிள்ளைக்குக் காய்ச்சலோ, முந்தின ராத்திரி பியரோ,
ஒரே ஒரு தாள் கை நழுவ
அந்த ஷிப்ட் முழுக்க
ஒரு கார் தள்ளி, ஒரு கார் தள்ளி
செருகிக்கொண்டே போயிருக்கிறார்.
மணியடித்ததும் வீட்டுக்குப் போய்
நன்றாகத் தூங்கியுமிருப்பார்.

அப்படியானால் வெண்டெலின் தாள்
பதினாறின் சீட்டுக்கடியில்.
பதினாறு எண்பத்தொன்றிலேயே ஓஹியோவில் நசுங்கி
இந்நேரம் ஏதோ பாலத்துக்குக் கம்பியாகியிருக்கும்.

"டார்லீன் தாளை அவளுக்கே அனுப்பிவிடலாமா?"
வெகுநேரம் யோசித்தார்.
"நகல் அனுப்புங்கள், ரோண்டா."

படிவத்தில் ஒரு கட்டம்: ஆவணம் பொருந்துகிறதா?
இல்லை என்று எழுதினேன்.
மனசு கேட்கவில்லை. தாளைப் பக்கவாட்டில் திருப்பி
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
போலி செய்கிறவன் என்றால்
சரியான தாளையல்லவா வைத்திருப்பான்?

வாங்க வந்தவர் கட்டத்தைப் படித்தார்,
ஓரத்தைப் படிக்கவில்லை.
நாலாயிரம் டாலர் குறைக்கச் சொன்னார்.
வெண்டெல் அவருக்கு வெளியே போகும் வழியைக் காட்டினார்,
பனி வழுக்கும் என்று எச்சரித்து.

பிறகு சீட்டைப் பொருத்த நான் ஒரு முனை பிடித்தேன்.
தாளை மடித்து அதே கம்பியில் செருகினார்.
கால் டாலரை அதே குழியில் போட்டார்.
கொண்டை ஊசியை மட்டும்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
அதற்கு எண் இல்லை.
நான் கேட்கவில்லை.