நூற்றிருபத்துநான்கு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு அச்சு வெட்டுகிறவன் நான்.
மெட்டி, அரைஞாண், பால்சங்கு,
ஒருமுறை யாருடையதோ தங்கப்பல்,
எல்லாம் ஏறி இறங்கிய தராசு என்னுடையது.

ஹெப்சிபா வந்தது ஆடி மாதத்து மத்தியானம்.
துணிப்பையில் மூன்று அச்சு.
அவற்றை எடுக்குமுன் உரிமப் புத்தகத்தையும்
முத்திரை குத்திய தாளையும் நீட்டினாள்:
"முதல்ல இதைப் படிச்சிருங்கண்ணே."
மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில்
கணக்கு எழுதுகிறவளாம்.
வருசத்துக்கு ரெண்டு போட்டி.
சுடுவது தாளை.

"மலையிலேயே வார்க்கக் கூடாதா?"
சட்டைக் கையை மேலே இழுத்தாள்.
மிளகு இறைத்ததுபோல் சுட்ட தழும்புகள்.
"மூட்டம் சன்னல் வழியா உள்ளே வந்திரும்.
கரண்டியில ஒரு சொட்டு ஈரம் போதும்,
ஈயம் எகிறிரும்."

நாலு ரோட்டு டயர் கடையில் வாங்கிய
சக்கர ஈயத்தை உருக்கினோம்.
அழுக்கு மேலே வந்தது. வழித்தோம்.
வெள்ளீயம் எவ்வளவு என்று கேட்டேன்.
மாற்றுக் கணக்கு எனக்குத் தெரியாததா?
கூடினால் எடை இறங்கும், முகம் தெளிவாக விழும்.
அச்சில் பொறித்த எண்ணை நம்பாதே என்றாள்,
அது செய்தவனுடைய ஈயத்தின் கணக்கு.

முதல் பத்தும் வீண்.
அச்சு சூடேறவில்லை,
பாலாடைபோல் சுருங்கி விழுந்தன.
அப்புறம் பளபளப்பாய் இருபது.
அதற்கும் அப்புறம் வெளிறிய பூப்பு.
"இங்கேயும் பனி வந்திருச்சே" என்று சிரித்து
அச்சைக் கொஞ்சம் ஆறவிட்டாள்.

நூற்றைந்து. நூற்றிருபத்துநான்கு. நூற்றுநாற்பத்தெட்டு.
கிரெயின் என்றாள். குன்றிமணியில் பாதி என்று
நான் மனசுக்குள் மாற்றிக்கொண்டேன்.

"இலேசானது தாளில் கீழே படும்,
கனமானது மேலே."
மாற்றிச் சொல்கிறாளோ என்று பார்த்தேன்.
"இல்லண்ணே. கனமானது
குழலை விட்டுக் கிளம்பத் தாமதிக்கும்.
அதுக்குள்ள கை உயர்ந்திரும்."
அவளுடைய துப்பாக்கியில்
குறிமுனை அசையாது. திருக முடியாது, ராவ மனசில்லை.
அதனால் குறியை அப்படியே விட்டுவிட்டு
எடையைத் தேடுகிறாள்.

நடுவிலிருந்ததைத் தட்டில் போட்டேன்.
எதிர்த்தட்டில், கை போன போக்கில்,
கல்லாவில் கிடந்த ஒரு பவுன் காசு.
முள் ஆடி, ஆடி,
நேரே நின்றது.

இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
தெருவில் வெள்ளிக்கம்பி இழுக்கிற இயந்திரம் மட்டும்.

ஒவ்வொன்றிலும் பத்து எண்ணி எடுத்தாள்.
மீதியைத் திரும்பச் சட்டியில் போட்டு
கரைந்து முடியும்வரை நின்று பார்த்தாள்.
கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி
அப்புறம்தான் நான் வாங்கி வைத்த தட்டுவடையைத் தொட்டாள்.

எட்டாம் நாள் தாளோடு வந்தாள்.
நூற்றுநாற்பத்தெட்டு,
தட்டை முகம் கொண்டது.
கிழியாமல், நாணயம் வெட்டியதுபோல் வட்டத் துளைகள்,
ஐந்தும் ஒரு கொலுசு மணிக்குள் அடங்கும்.
நடு எடை?
"ஒரு விரற்கடை கீழே" என்றாள்,
மார்க் குறைந்த பிள்ளையைச் சொல்வதுபோல்.

மறுநாள் காலை கடை திறந்ததும்
கொண்டலாம்பட்டித் தறிக்காரர் ஒருவர்,
பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்ட,
மடியை அவிழ்த்து ஒரு காசு வைத்தார்.
தட்டில் இட்டேன். முள் நின்றது.
என் வாய் சொன்னது:
"நூத்தி இருபத்துநாலு."

அவர் முகம் செத்துப்போனது.
"எட்டு கிராம் இல்லீங்களா?"

"எட்டுதான்" என்றேன்.
"எட்டேதாங்க."