ஏழாம் எண் சட்டை

அயனாவரத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்பதால்
சாப்பாட்டுக் கூடம் பாதி வாடகைக்குக் கிடைத்தது.
இந்தப் பக்கம் நீலச் சட்டையில் பதினொரு பேர்,
பெரம்பூர் மூத்த மகளிர் சாஃப்ட்பால் கழகம்,
எங்களில் நாலு முட்டி ஸ்டீல்.
அந்தப் பக்கம் மெரூன் சட்டையில் சைதாப்பேட்டை,
எட்டுப் பேர்.
ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வேண்டும்.
கூட்டமே அதற்காகத்தான்.
அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோமளவல்லி எழுந்தாள்.
முப்பது வருஷம் போலீஸ் வேலை,
மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்கும்.
"சனிக்கிழமை ஆடுறதா இருந்தா
என் பேரை அடிச்சிடுங்க."
ஷகிலா பானு வயது வரம்பைப் பிடித்துக்கொண்டாள்.
"நாப்பத்தஞ்சுன்னு வச்சா
நேத்து வரைக்கும் குதிச்சவ எல்லாம் வந்து நிப்பா.
நாம பெஞ்சைத் தேய்க்கணும்."
டெய்சி ராணி கேட்டது கணக்கு:
அவர்களுக்கு பேங்கில் பதினாலாயிரம்.
நமக்கு மூன்று மட்டை, ஒரு மூட்டைப் பந்து,
மழையில் நனைந்து கல்லாகிப்போன சுண்ணாம்பு.
"இதுல கொடுக்கிறது யாரு, வாங்கிக்கிறது யாரு?"

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்திருந்த
வேதநாயகி, எதிர்த் தரப்பு பி.டி. டீச்சர்,
புதுப் பெயரில் எந்தப் பேட்டை முன்னால் வரும் என்று
ஆரம்பித்துவைத்தாள்.
முக்கால் மணி நேரம்.
போண்டா ஆறியது. சட்னி தண்ணி விட்டது.
சுகிர்தம் ஒருத்திதான்
"எனக்குப் பந்து வந்தாப் போதும்,
எந்தச் சட்டைக்காரி அடிச்சா என்ன" என்றாள்.
அவள் ரைட் ஃபீல்டு.
பந்து அங்கே வருவதே மாதம் ஒருமுறை.

நான் கேட்சர். குந்தியிருந்து பார்ப்பது பழக்கம்.
எதிர் வரிசையில் கடைசி நாற்காலியில்
ஹெலன் மங்களம்.

பதினாறு வருஷத்துக்கு முன் ஒரே கழகம்தான்.
எங்களுக்குள்ளேயே ஒரு தேர்வு ஆட்டம்,
கடைசி இன்னிங்ஸ்.
மூன்றாம் பேஸிலிருந்து அவள் பாய்ந்து வந்தாள்,
சென்டரிலிருந்து பந்தும் வந்தது.
புழுதி எழுந்து மூடியது.
அம்பயர் "அவுட்" என்றார்.
"சேஃப்" என்று பாதிப் பேர் கத்தினார்கள்.
கத்திய பாதி மறுவாரமே
கூவத்தைத் தாண்டிப் போய்
தனிக் கழகம் ஆரம்பித்தது.

ஓட்டெடுப்பு. கை தூக்கச் சொன்னார்கள்.
தோள்பட்டை வலியில் பாதி தூக்கியதையும்
முழுக் கையாகவே எண்ணினார்கள்.
பன்னிரண்டுக்கு ஏழு.
கோமளவல்லி கையெழுத்துப் போடாமல்
டீ மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.

வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில்,
ஹெலன் ஹெல்மெட் பட்டையோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
சொல்லிவிட்டேன்.
"என் கை உன்மேல படல. அன்னிக்கு."
பட்டையைக் கழற்றினாள், அவசரமே இல்லாமல்.
"தெரியும்.
என் காலும் பிளேட்டைத் தொடல."

ஒரு சாண் இருக்கும்.
இந்தப் பக்கம் என் கையுறை, அந்தப் பக்கம் அவள் ஷூ,
நடுவில் யாரும் தொடாத புழுதி.
அதில் முளைத்தவைதான்
இரண்டு ரசீதுப் புத்தகம், இரண்டு ரப்பர் ஸ்டாம்பு,
சாவு வீட்டில்கூட
தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்த நாற்காலிகள்.

சிரித்தோமா, ஞாபகமில்லை.
தெருமுனையில் மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.
ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.
கிட்டே வந்து திரும்பச் சொன்னாள்:
"சட்டை நம்பர் ஏழு என்னுது."

என்னுடையதும் ஏழு.
எழும்பூர் டிக்கெட் கவுண்டரிலேயே
ஏழாவது ஜன்னலைச் சண்டை போட்டு வாங்கியவள் நான்.
"விட மாட்டேன்" என்றேன்.
"நானும்தான்" என்று
ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அதற்கு இன்னொரு கூட்டம் போட வேண்டும்.
போண்டா வேண்டாம்.