இடது பக்கம்

மயூர் விஹாரில், பாக்கெட் நாலில்,
மதர் டெய்ரி பூத்துக்குப் பின்னால்
சனிக்கிழமை ஏழரைக்குக் கூடுகிறோம்.
பனிமூட்டம் என்றால் எட்டு.
அமைப்பின் பெயர் படோசி.
பதிவு எண் கிடையாது, பேனர் கிடையாது.
இருப்பது ஒரு புத்தகம்,
மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே,
சிவப்புத் துணி அட்டை, அது.

இடது பக்கம் வேண்டுபவர்.
வலது பக்கம் போகிறவர்.

ரேணு சச்தேவா வாசிப்பாள்
ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில்:
நூற்றுப் பன்னிரண்டு சி, மூன்றாம் மாடி, கெய்சர் ஒழுகுகிறது.
திலோத்தமா பிஸ்வாஸ், கண் சொட்டு மருந்து,
நாளுக்கு நாலு தரம், பதினோரு நாள்.
பியூலா டீச்சர், ஒன்றும் வேண்டாமாம்,
பால்கனியில் குரங்கு, விரட்டிவிட்டால் போதுமாம்.
சுபேதார் நேகி, கால் நகம்.
குனிய முடியவில்லை என்று
நேகி ஒருநாளும் சொன்னதில்லை.
நகவெட்டியைக் காணோம் என்பார்,
அது டீவி மேல் இருக்கும்.

நான் ஆறு வருடமாக வலது பக்கம்.

நவம்பரில்தான் வேலை அதிகம்.
பென்ஷன்காரர்கள் எல்லாரும் வங்கிக்குப் போய்
உயிரோடிருப்பதாக நிரூபிக்க வேண்டும்.
திலோத்தமாவின் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை.
துடைத்து வைத்தோம்.
ஊதி வைத்தோம்.
என் பையில் தேங்காயெண்ணெய் இருந்தது,
ஒரு சொட்டுத் தடவி வைத்தோம்.
பொருந்தவில்லை, பொருந்தவில்லை.
கவுண்டர் பையன் பாவம், காதெல்லாம் சிவந்து
இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள் அம்மா என்றான்.
'இதற்கு மேல் அழுத்தினால்
இந்தச் சான்றிதழே தேவைப்படாது, தம்பி.'
வரிசை மொத்தமும் சிரித்தது.
கடைசியில் மோதிர விரலில்
உயிர் கிடைத்தது.

அவளை வீட்டில் விட மாடி ஏறினோம்.
இரண்டாம் திருப்பத்தில் நான் நின்று
மின்சார மீட்டர்களைப் படித்தேன்.
எட்டு மீட்டர்.
எட்டையும் படித்தேன்.
இரண்டு படி கீழே ஷிபுவும் நின்றான்,
கூரியர் வேலை பார்க்கிறவன், நாளெல்லாம் மாடி ஓடுகிறவன்,
மூச்சு வாங்காமல்
போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.
திரை அணைந்திருந்தது.

அடுத்த சனி ரேணுவுக்கு ஜுரம்.
நீங்கள் வாசியுங்கள் என்றார்கள்.
புத்தகம் என் மடியில் இருந்தது, தட்டினேன்.
கெய்சர். சொட்டு மருந்து. குரங்கு, மறுபடியும்.
அதற்குக் கீழே
சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஒரு கோணல் இந்தி எழுத்து:
கோமளா ஜி, எண்பத்தேழு பி. முழங்கால்.
இரண்டு மாடிக்கு மேல் அனுப்ப வேண்டாம்.
சிலிண்டர் புதன்கிழமை.
அவரிடம் சொல்ல வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில், ஷிபு.
ஷிபு.
ஷிபு.
செப்டம்பரிலிருந்து.

கேஸ்காரன் திருந்திவிட்டான் என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்,
கீழே வாசலில் உருட்டிவிட்டுப் போகிறவன்
இப்போதெல்லாம் மேலே கொண்டுவந்து வைக்கிறானே என்று
தீபாவளிக்கு அவனுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தேன்.
அவனும் வாங்கிக்கொண்டான்.

கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால்
முதலில் கோபம்தான்.
முப்பத்தொரு வருடம் டெலிபோன் பவனில்
ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவள்.
என் பெயரை என்னைக் கேட்காமல் யார்

ஷிபு தன் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வரியைத் தாண்டி வாசித்தேன்.
நேகி, கால் நகம், தரைத்தளம், யார் போவது?
நான் என்றேன், யாரும் வாய் திறக்குமுன்.
வலது பக்கத்தில் என் பெயரை
கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

புதன்கிழமை மணி அடித்தது.
'இந்தப் பக்கமாக வந்தேன், ஆன்ட்டி.'
சிலிண்டர் தோளில்.
மஃப்ளர் ஒரு பக்கம் அவிழ்ந்து தரையைத் தொட்டது.
அப்படியா என்றேன்.
உள்ளே வா,
ரெகுலேட்டரையும் நீயே மாட்டிவிடு,
என் கண்ணாடியைக் காணோம்.

கண்ணாடி கழுத்தில் தொங்கியது.
அவன் அதைப் பார்த்தான்.
சரி ஆன்ட்டி என்றான்.