வாய்க்கட்டு

குறுவை நெல் மழைக்கு முந்திக்கொண்டு வந்து
கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடந்தது.
பட்டியல் எழுதுகிறவள் நான்.
என் மூச்சே என் கண்ணாடியில் படிந்து
ஒன்றும் ஏழும் ஒன்றாய்த் தெரிந்த நாட்கள்.

தூற்றும் இயந்திரம் ஓடினால்
சுமைக்காரர்கள் யாரும் சொல்லாமலே
துண்டை மூக்கோடு சேர்த்து இறுக்கிக்கொள்வார்கள்.
சுணை அப்படி.
இயந்திரம் நின்றால் துண்டு தோளுக்குப் போய்விடும்.
பெட்டியில் வந்த நீல முகக்கவசங்கள்
சாக்குத் தைக்கிற ஊசிகளோடு கிடந்தன.

ஒருநாள் ஜீப் வந்தது.
"வாயப் பொத்துய்யா மொதல்ல"
இறங்கியவர் பக்கிரிசாமியைப் பார்த்துச் சொன்னார்.
தலையில் நாற்பது கிலோ ஐநூற்றெண்பது கிராம்.
இறக்காமல் அப்படியே நின்றார் மனிதர்.
பிறகு மூட்டையை அட்டியில் சேர்த்துவிட்டு
மடியிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள் எடுத்து
என் மேசையில் வைத்தார், அபராதத்துக்கு.
அறுபத்திரண்டு மூட்டைக் கூலி.
கணக்கு எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கேட்டேன்.
"கட்டுறது தூசிக்கும்மா. பொத்துறது வேற.
எங்கப்பா பண்ணை வாசல்ல
கூலி நெல்லு கேக்கறப்பயும் பொத்துனாரு,
எங்கக்கா செத்துப்போனத சொல்லப் போனப்பயும் பொத்துனாரு.
அப்ப எந்தக் கிருமியும் கெடையாது."
தன் வலது உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
கொக்கி கிழித்த தழும்பு அதில்.

ஐப்பசி பிறக்க இரண்டு நாள் இருக்கையில்
அதே பண்ணை வீட்டுப் பேரன் காரில் வந்தான்.
கவசம் தாடையில்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டுகிறது என்றதற்குச் சத்தம்;
எச்சில் என் பதிவேட்டில் தெறித்தது.
நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, வாய மூடிக்கிட்டுப் பேசுங்க."

பக்கிரிசாமிதான். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து.
கயிறு தளர்ந்திருக்கு என்று சொல்வதுபோல்,
அவ்வளவு சாதாரணமாய்.
எடைத்தட்டில் சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன.
பேரன் வரிசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.
யாரும் சிரிக்கவில்லை.
இயந்திரம் மறுபடி ஓடியது, எல்லாத் துண்டுகளும் ஏறின.

அன்றைக்குக் கணக்கு முடிக்கும்போது
மேசைக்கு வந்தார்.
"அந்த நீலத்துல ஒண்ணு குடுங்கம்மா.
ரெண்டாவே குடுங்க.
வீட்ல அவளுக்கு மூணு நாளா இருமல்."

பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.
தள்ளிவிட்டு
என்னை அறியாமல் ஓர் அடி பின்னால் போனேன்.

அவர் அதைப் பார்த்தார்.